மூன்று சந்திரன்கள்

நம் நாவல்களில் காலேஜ் மாணவனுக்குப் பஞ்சம் வந்ததே கிடையாது. எந்தத் தொடர்கதையை எடுத்துக் கொண்டாலும் அவன் ஒரு கட்டாயப் பாத்திரம். கையில் நோட்டுப் புத்தகத்தோடு மாடிப்படி இறங்கி வருவான், எதிரே ஏறி வரும் ஒருத்தியோடு மோதிக் கொள்வான், புத்தகங்கள் சிதறும், கதை ஆரம்பித்துவிடும். அல்லது மேஜை மேல் ஏறி நின்று நாட்டைப் பற்றிப் பேசுவான், போலீஸ் வரும். அதுவும் இல்லையென்றால் கெட்ட சகவாசத்தில் விழுந்து, நிலத்தை விற்றுப் பணம் அனுப்பும் தகப்பனாரின் வயிற்றில் நெருப்பைக் கொட்டுவான். காதல், தேசம், சீரழிவு என்ற இந்த மூன்றைத் தவிர அவனுக்கு வேறு வேலை கிடையாது.

நிஜமான மாணவன் ஒருவனோடு ஒரு மணி நேரம் பேசிப் பாருங்கள். அவன் மனத்தை அடைத்துக் கொண்டிருக்கிற விஷயங்களே வேறு. சனிக்கிழமை மாட்சில் தன்னைச் சேர்ப்பார்களா, பன்னிரண்டாவது ஆளாக வெளியே உட்கார வைப்பார்களா? போன வருஷம் பக்கத்துக் காலேஜ்காரர்களிடம் தோற்றதற்கு இந்த வருஷமாவது பதில் சொல்ல முடியுமா? யூனியன் செகரட்டரியாக யார் வருவார்கள்? மெஸ் பாக்கியை எதைச் சொல்லித் தள்ளிப் போடுவது? இரண்டாவது ஆட்டம் சினிமாவுக்கு யாருடைய வண்டியை இரவல் வாங்குவது? மேல்படிப்புக்குப் போனவனும் இதற்கு விலக்கல்ல. ஆய்வேட்டின் இரண்டாம் இயலோடு ஆறு மாதமாக மல்லாடிக் கொண்டிருக்கும் ஆராய்ச்சி மாணவன், லைப்ரரியில் தலையை நிமிர்த்திப் பக்கத்து ஆசனக்காரனிடம் முதலில் கேட்பது ‘ஸ்கோர் என்ன?’ என்பதுதான்.

இவை சில்லறை விஷயங்கள், இவற்றுக்கு இலக்கியத்தில் என்ன இடம் என்று சிலர் கேட்கலாம். அந்த வயதின் முழுப் பணமும் இந்தச் சில்லறையில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. வெளிநாட்டு உதாரணம் ஒன்றைச் சொல்லிவிட்டு நம் பக்கம் வருகிறேன்.

ஹெமிங்வேயின் கடலும் கிழவனும் 1952இல் வெளிவந்த கதை. தமிழ் வாசகர்களில் பலர் அதைப் படித்திருப்பார்கள். எண்பத்து நான்கு நாட்கள் மீனே கிடைக்காத கியூபாக் கிழவன் ஒருவன், கடைசியில் அகப்பட்ட பெரிய மீனோடு தன்னந்தனியாகக் கடலில் போராடுகிறான். கையில் கயிறு அறுத்து ரத்தம் வழிகிறது. அந்த நேரத்தில் அவன் கடவுளையும் நினைக்கிறான். பேஸ்பால் ஆட்டக்காரன் டிமாஜியோவையும் நினைக்கிறான். குதிகால் எலும்பில் நோவை வைத்துக் கொண்டே ஆடுகிறவன் டிமாஜியோ. அவன் தகப்பனாரும் செம்படவர். இத்தனை வலியை அவன் பொறுப்பானா என்று கிழவன் தன்னையே கேட்டுக் கொள்கிறான். குடிசையில் பத்திரிகையை வைத்துக் கொண்டு ஒரு பையனோடு பேசிய பந்தாட்டப் பேச்சு, நடுக்கடலில் அவனுக்குத் துணையாக வருகிறது. அந்தப் பேச்சைச் சில்லறை என்று நீக்கிவிட்டால் கிழவனில் பாதி போய்விடும்.

தமிழ்நாட்டில் இப்படி மாணவனின் சில்லறையை மதித்து எழுதியவர்கள் யார் என்று யோசித்தபோது ஒரு வேடிக்கை கண்ணில் பட்டது. குறிப்பிடத்தக்க மூன்று நாவல்களில் மாணவனின் பெயர் சந்திரன். ஒன்றில் கொஞ்சம் நீண்டு சந்திரசேகரன். தேய்ந்து வளரும் வயதுக்கு நல்ல பெயர்தான். பெயர் ஒன்றாயிருந்தும், அவனுடைய அன்றாட ஆசைகளை மூன்று ஆசிரியர்களும் மூன்று விதமாகப் பார்த்திருக்கிறார்கள்.

முதல் சந்திரன், ஆர். கே. நாராயண் 1937இல் எழுதிய ‘பாச்சிலர் ஆஃப் ஆர்ட்ஸ்’ நாவலில் வருகிறவன். நாராயண் இங்கிலீஷில் எழுதினாரென்றாலும் சென்னையில் பிறந்த தமிழர். அவருடைய மால்குடி நமக்கு அடுத்த ஊர் மாதிரி. சந்திரன் ஆல்பர்ட் காலேஜில் பி.ஏ. வகுப்பில் சரித்திரம் படிக்கிறான். சரித்திரக்காரர்களை முதலில் வெட்டிப் போட வேண்டும் என்று ஒரு விவாதக் கூட்டத்தில் பேச ஒப்புக் கொள்கிறான். வேடிக்கை என்னவென்றால், சரித்திரப் புரொபஸர் ராகவாச்சாரி அதே சந்திரனைச் சரித்திர சங்கத்தின் காரியதரிசியாகப் பிடித்துப் போடுகிறார். ராமு என்ற சிநேகிதனோடு ஆற்றங்கரையில் உலாத்துவதும், ராத்திரி சினிமாவுக்குத் தகப்பனாரிடம் அனுமதி வாங்குவதும், பரீட்சை வருகிறதே என்று பிரமாதமான நேரப் பட்டியல் போடுவதும் அவனுடைய வீர சாகசங்கள். நாவலின் முதல் பகுதி முழுவதும் இவ்வளவுதான். ஒரு பெண்கூடக் குறுக்கே வருவதில்லை.

ஆனால் நாராயண் இந்த முதல் பகுதியைச் சிரிப்புக்காக மட்டும் எழுதவில்லை. பி.ஏ. தேறியதும் சந்திரனுக்கு ஒரு வேலையும் இல்லாமல் போகிறது. சங்கம் இல்லை, விவாதம் இல்லை, கூட இருந்த ராமுவும் வடக்கே போய்விடுகிறான். அவனுடைய கடிதங்கள் குறைந்து கொண்டே வருகின்றன. இப்படி வெறிச்சென்று கிடக்கும் நாட்களில்தான் ஆற்று மணலில் மாலதி என்ற பெண் கண்ணில் படுகிறாள். ஒரு வார்த்தை பேசாமலே அவள் மேல் பைத்தியமாகிறான். ஜாதகம் பொருந்தாமல் போனதும் காவி கட்டிக் கொண்டு எட்டு மாதம் ஊர் ஊராகத் திரிகிறான். காலேஜ் நாட்களில் சில்லறை ஆசைகள் நிறைந்திருந்த இடம் காலியானதால்தான் பெரிய ஆசை உள்ளே நுழைந்தது என்பதை நாராயண் எங்கேயும் சொல்லவில்லை. முதல் பகுதியை நமக்குக் காட்டியிருப்பதால் அவர் சொல்ல வேண்டியதும் இல்லை. காதலை மட்டும் எழுதியிருந்தால் சந்திரன் இன்னொரு தொடர்கதை நாயகனாகியிருப்பான்.

இரண்டாவது சந்திரன், டாக்டர் மு. வரதராசனாரின் ‘அகல் விளக்கு’ நாவலில் வருகிறான். 1958இல் வெளிவந்து, 1961இல் சாகித்ய அக்காதெமி பரிசு பெற்ற நூல் இது. கதையைச் சொல்கிறவன் வேலய்யன் என்ற நண்பன். சந்திரன் அழகன், கெட்டிக்காரன், ஊரார் எல்லாருக்கும் செல்லப்பிள்ளை. வேலய்யன் சாதாரணமானவன். சென்னைக்குப் படிக்கப் போன சந்திரன், இமாவதி என்ற பெண்ணின் நட்பைக் காதலென்று எண்ணி ஏமாந்து, படிப்பையும் ஊரையும் விட்டு ஓடி, ஒழுக்கம் குலைந்து, நோயில் அழிந்து போகிறான். வேலய்யன் சிறு அகல் விளக்காக நிதானமாக எரிகிறான். சந்திரன் பேரொளியோடு எரிந்து சீக்கிரம் அணைகிறான்.

மு.வ.வைப் பற்றி ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மூன்று ஆசிரியர்களில் மாணவர்களை அதிகமாக அறிந்தவர் அவர்தான். பச்சையப்பன் கல்லூரியில் இருபது வருஷத்துக்கு மேல் பாடம் சொன்னவர். பிற்காலத்தில் மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவர். அவ்வளவு மாணவர்களைப் பார்த்தவருடைய நாவலில் மாணவனின் விளையாட்டும் வம்பும் கலகலப்பும் மற்ற இருவரிடமும் இருப்பதில் கால்வாசிகூட இல்லை. காரணம் இதுவாயிருக்கலாம். வாத்தியாருக்கு விளையாட்டு மைதானம் வகுப்பு ஜன்னல் வழியாகத்தான் தெரிகிறது. யார் ஆடுகிறான் என்பது தெரியும். ஏன் ஆடுகிறான் என்பது தெரியாது. சந்திரனுடைய ஒவ்வொரு ஆசையும் மு.வ.வின் தராசில் ஏறி எடை போடப்பட்ட பிறகே நம் கைக்கு வருகிறது. இது இவனைக் கெடுக்கும் என்ற குறிப்பு கூடவே வருவதால், அந்த ஆசையில் அவனுக்கு என்ன ருசி இருந்தது என்பதை நாம் அறிய வழியில்லை. ருசி தெரியாமல் பத்தியத்தின் பெருமை மட்டும் எப்படித் தெரியும்?

இத்தோடு நிறுத்திக் கொண்டால் மு.வ.வுக்கு அநியாயம் செய்தவனாவேன். நாராயணின் சந்திரன் ஓய்வு பெற்ற ஜில்லா ஜட்ஜின் மகன். அவன் எட்டு மாதம் சாமியாராகத் திரிந்துவிட்டு வந்தாலும் வீடும் தோட்டமும் அப்படியே இருக்கின்றன; பத்திரிகை ஏஜென்ஸி எடுத்துப் பிழைத்துக் கொள்கிறான். மு.வ. எழுதியது இன்னொரு கூட்டத்துக்காக. அவருடைய நாவல்களைக் கையில் வைத்துக் கொண்டு சென்னைக்கு ரயிலேறியவர்களில் எத்தனையோ பேர், தங்கள் குடும்பத்தில் முதன் முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவர்கள். அப்படிப்பட்டவனுக்கு ஒரு வருஷம் வீணானால் வீட்டில் ஒரு காணி நிலம் வீணாகும். தங்கையின் கல்யாணம் தள்ளிப் போகும். நாராயணால் சிரிக்க முடிந்த இடத்தில் மு.வ.வால் சிரிக்க முடியவில்லை. சில்லறை ஆசைக்கும் விலை உண்டு, அந்த விலையை எல்லா மாணவர்களும் ஒரே மாதிரி கொடுப்பதில்லை என்பது ‘அகல் விளக்கு’ நமக்குச் சொல்லும் உண்மை. நாராயணிடம் அந்த உண்மை கிடையாது.

மூன்றாவது சந்திரன், அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ நாவலில் வரும் சந்திரசேகரன். நாவல் 1977இல் வெளிவந்தது. கதை நடப்பது சிகந்தராபாத்தில், சுதந்திரத்தை ஒட்டிய வருஷங்களில். நிஜாம் ராஜ்யம் இந்தியாவோடு சேர மறுக்கிறது. ரஜாக்கர்கள் தெருவில் அணிவகுக்கிறார்கள். ஆனால் ரயில்வே உத்தியோகஸ்தர் வீட்டுப் பையனான சந்திரசேகரனுக்குப் பெரிய கவலை கிரிக்கெட்தான். ஆட்டத்தில் தனக்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடம் நிலைக்க வேண்டும். அவனோடு ஆடுகிறவர்களில் முஸ்லிம் பையன்களும் இருக்கிறார்கள், மற்றவர்களும் இருக்கிறார்கள். மைதானத்தில் அவர்களைப் பிரிப்பது யாருக்கு ஆடத் தெரியும், யாருக்குத் தெரியாது என்ற ஒரே கணக்கு. நாட்கள் போகப் போக வேறு கணக்குகள் மைதானத்துக்குள் நுழைகின்றன. நேற்றுவரை சாதாரணமாக இருந்த அண்டை வீட்டாரின் பார்வை இன்று சாதாரணமாக இல்லை.

அசோகமித்திரன் இதற்கெல்லாம் ஒரு பிரசங்கம்கூடச் செய்யவில்லை. பையனுடைய அற்பக் கவலைகளை அற்பக் கவலைகளாகவே, அதே அளவில் எழுதிக் கொண்டு போகிறார். 1948 செப்டம்பரில் இந்தியப் படை வருகிறது. சில நாட்களில் நிஜாம் சரணடைகிறார். இப்போது அடிபடும் முறை மற்றவர்களுக்கு வருகிறது. கலவர இரவில் ஓடி வரும் சந்திரசேகரன் ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் விழுகிறான். தங்களைக் கொல்லத்தான் வந்திருக்கிறான் என்று நடுங்கும் அந்தக் குடும்பத்தைக் காப்பாற்ற, ஒரு சிறு பெண் தன் உடைகளைக் களைந்து அவன் முன் நிற்கிறாள். அவன் அருவருத்து வெளியே ஓடுகிறான்.

தமிழில் இந்தக் கடைசிக் காட்சிக்கு நிகரானவை அதிகமில்லை. அதன் பலம் எங்கிருந்து வருகிறது? கலவரத்தைப் பத்திரிகைகளில் நிறையப் படித்திருக்கிறோம், அதனால் அல்ல. நேற்றுவரை மட்டையையும் பந்தையும் நினைத்துக் கொண்டிருந்த ஒரு பையன், தான் இன்னொருவருக்கு எமனாகத் தெரிகிறோம் என்பதை ஒரு நொடியில் அறிகிறான். கிரிக்கெட்டை இத்தனை பக்கங்கள் படித்திருக்காவிட்டால் அந்த நொடி நமக்கு உறைக்காது. அது சில்லறை ஆசையாயிற்றே என்று ஆசிரியர் கத்தரித்திருந்தால், கடைசியில் ஓடுகிறவன் யாரோ ஒரு சந்திரசேகரன். நம்முடைய சந்திரசேகரன் அல்ல.

ஆக மூன்று பார்வைகள். நாராயணுக்கு மாணவனின் அன்றாட ஆசை ஒரு பருவத்தின் விளையாட்டு. பருவம் போனால் அதுவும் போகும். மு.வ.வுக்கு அது காலை வழுக்கிவிடும் பாசி. அசோகமித்திரனுக்கு அது மனிதர்கள் பேதம் மறந்து நிற்கக் கூடிய கொஞ்ச இடம். சரித்திரம் வந்து அதையும் பிடுங்கிக் கொள்கிறது. நாவல் என்ற முறையில் என் ஓட்டு மூன்றாவதற்குத்தான். ஆனால் அந்த மூன்றாவது பார்வையோடு மு.வ.வுக்குத் தெரிந்த விலையையும் சேர்த்துப் பார்க்கும் நாவல் ஒன்று தமிழில் வர வேண்டியிருக்கிறது. வராததால் நஷ்டம் இலக்கியத்துக்கு மட்டும் அல்ல.

2019ஆம் வருஷம் ஜூன் மாதம் சென்னையில் ‘பஸ் டே’ கொண்டாடிய மாணவர்கள், ஓடும் பஸ்ஸின் கூரையிலிருந்து கொத்தாகச் சரிந்து ரோட்டில் விழுந்ததைத் தமிழ்நாடே பார்த்தது. பச்சையப்பன், மாநிலக் கல்லூரி மாணவர்களுக்குள் பஸ் வழித்தடத்தை வைத்து நடக்கும் சண்டைகளும், ‘ரூட்டு தல’ என்ற பட்டமும் பத்திரிகைகளில் அடிக்கடி அடிபடுகின்றன. கத்தி வெளியே வந்த அன்றைக்குத்தான் அது செய்தி. மற்ற நாட்களில் அந்தப் பையனுடைய மனத்தில் என்ன நடக்கிறது? ஒரு நம்பர் பஸ்ஸை அவன் தன் ஜமீனாக நினைப்பது ஏன்? வீட்டிலும் தெருவிலும் வகுப்பிலும் கிடைக்காத எந்த மரியாதை அவனுக்குப் புட்போர்டில் கிடைக்கிறது? போலீஸ் ரிக்கார்டில் இதற்குப் பதில் கிடையாது. நாவலாசிரியன் சொல்ல வேண்டிய பதில் இது. பச்சையப்பனில் பாடம் நடத்திய மு.வ. இன்று இருந்தால் இந்தப் பையன்களைக் கண்டித்து ஒரு நாவல் எழுதியிருப்பார்; அதையாவது நாம் எழுதினோமா?

எங்கள் புதுக்கோட்டையை எடுத்துக் கொள்கிறேன். தொண்டைமான் ராஜ்யத்தில் 1880இல் பள்ளிக்கூடமாகத் தோன்றி 1891இல் காலேஜாக உயர்ந்தது மன்னர் கல்லூரி. திருமயத்தில் பிறந்த சத்தியமூர்த்தி அங்கே படித்தவர். அவர் பிற்காலத்தில் காங்கிரஸின் பெரிய பேச்சாளராகவும் சென்னை மேயராகவும் இருந்தார் என்பது எல்லாருக்கும் தெரியும். சுகுண விலாச சபையில் வேஷம் கட்டி நடித்தவர் என்பது பலருக்கு மறந்துவிட்டது. நாடகப் பித்து அவரைக் கெடுத்துவிடவில்லை. மேடையில் அவருக்கு இருந்த ஆளுமைக்கு அந்தப் பித்தும் உரம் போட்டிருக்கும் என்றே நினைக்கிறேன். அதே கல்லூரியில், அங்கே பிரின்ஸிபாலாக இருந்த நாராயணசாமி அய்யரின் மகள் முத்துலட்சுமி, ஊரின் எதிர்ப்பை மீறி, ராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானின் அனுமதியால் மாணவியாகச் சேர்ந்தாள். பின்னால் 1912இல் டாக்டர் பட்டம் பெற்று நாடறிந்த முத்துலட்சுமி ரெட்டி ஆனார். ஆண்பிள்ளைகளின் காலேஜில் ஒரே பெண்ணாக உட்கார்ந்திருந்தவளுக்கு மாட்ச் ஏது, வம்பு ஏது, சினிமா ஏது? பாடத்தைத் தவிர வேறெதிலும் ஆசை வைக்க அவளுக்கு உரிமையே இல்லை. அற்பமான விஷயத்தில் ஆசை வைப்பதுகூட ஒரு சலுகை என்பதை மூன்று சந்திரன்களும் நமக்குச் சொல்லவில்லை, மூவரும் ஆண்கள்.

அந்தச் சலுகை பெண்களிடம் வந்து சேர்ந்த கதையும் எங்கள் ஜில்லாவிலேயே இருக்கிறது. 1991இல் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது நடந்த அறிவொளி இயக்கத்தில், எழுத்துக் கற்றுக் கொண்ட பெண்கள் சைக்கிளும் கற்றுக் கொண்டார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள், வயல் வேலை செய்கிறவர்களும் கல்குவாரித் தொழிலாளிகளும் பள்ளிக்கூட ஆசிரியைகளும், ஊர் சிரித்ததைப் பொருட்படுத்தாமல் சைக்கிள் மிதித்தார்கள். சந்தைக்கும் தண்ணீருக்கும் வேலைக்கும் போகத்தான் சைக்கிள் என்று அறிக்கைகளில் எழுதினார்கள். எழுதாத ஒரு காரணமும் இருந்திருக்கும்: ஓட்ட நன்றாக இருந்தது. அந்தப் பெண்களின் மகள்களும் பேத்திகளும் இன்று ஆலங்குடியிலிருந்தும் திருமயத்திலிருந்தும் அறந்தாங்கியிலிருந்தும் பஸ் பிடித்துக் காலேஜுக்கு வருகிறார்கள். பஸ்ஸில் ஜன்னலோர இடத்துக்கு நடக்கும் போட்டி, கபடிக் கோஷ்டியில் இடம் பிடிக்கும் போட்டி, பொங்கலுக்குப் பிறகு வாடிவாசலில் யார் ஊர்க் காளை பிடிபடாமல் போயிற்று என்று வகுப்பில் நடக்கும் வாக்குவாதம், கைபேசிக்குள் ஓடும் கிரிக்கெட் ஸ்கோர் எல்லாம் அவர்களுக்கும் உண்டு. ஐந்து மணி பஸ்ஸைத் தவறவிட்டால் வீட்டில் கேட்கப்படும் கேள்வியும் அவர்களுக்கு உண்டு. அந்தக் கேள்விதான் விலை.

இந்தப் பெண்ணைப் பற்றி எழுத வருகிற இளம் எழுத்தாளருக்கு ஒரே ஒரு விண்ணப்பம். அவளை முதல் அத்தியாயத்திலேயே காதலிக்க வைத்துவிடாதீர்கள்; மேடை ஏற்றி முழங்கவும் வைக்காதீர்கள்; நாசமாக்கி நமக்குப் பாடம் சொல்லவும் அனுப்பாதீர்கள். கபடி ஆட்டம் முடிய இன்னும் பத்து நிமிஷம் இருக்கும்போது ஐந்து மணி பஸ் ஸ்டாண்டைவிட்டுக் கிளம்பப் போகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். அவள் என்ன செய்கிறாள் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். பெயர் வேண்டுமானால் சந்திரா என்றே வைத்துக் கொள்ளலாம்.